கட்டுமான சைட்டுக்குப் பாதுகாப்புத் திட்டம்: கும்மிடிப்பூண்டி – தடா வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு–ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சத்தியவேடு, ஸ்ரீசிட்டி பக்கம் ஷெட், குடோன், தொழிலாளர் விடுதி கட்டும் கான்ட்ராக்டர்களும் சைட் இன்ஜினியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர் வாக்கிலேயே கேள்வியைப் போட்டிருக்கிறோம். முதலில் அடிப்படை, போகப் போகச் சிக்கல். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. ஹெல்மெட், ஷூ, பெல்ட் எல்லாம் வாங்கிக் குடுத்தாச்சு, பில்லும் இருக்கு. அதுக்கு மேல திட்டம்னு தனியா என்ன?

ஹெல்மெட் கடைசித் தடுப்பு. மற்றதெல்லாம் தவறிய பிறகு தலைக்கு மிச்சமிருப்பது அது. திட்டம் அதற்கு முந்தைய கட்டத்தைப் பேசுகிறது. இந்த இடத்தில், இந்த வரிசையில், இந்த ஆட்களை வைத்து வேலை செய்யும்போது எது விழும், எது சரியும், எங்கே ஷாக் அடிக்கும்? அதை யார், எதை வைத்து, எந்தத் தேதிக்குள் தடுப்பார்? தடுக்க முடியாமல் போனால் அடுத்த பத்து நிமிடத்தில் யார் என்ன செய்வார்? இவ்வளவுதான் திட்டம்.

60 பேர் வேலை பார்க்கும் ஒரு ஷெட்டுக்கு 15 பக்கம் தாராளம். சைட் வரைபடம் ஒரு பக்கம், பொறுப்பாளர் பட்டியல் ஒரு பக்கம், வேலை வரிசைப்படி ஆபத்து அட்டவணை ஆறேழு பக்கம், அவசர ஏற்பாடு இரண்டு பக்கம், பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒரு நாள்காட்டி, மீதி படிவங்கள். 120 பக்கம் பைண்டிங் செய்து கொடுத்தால் ஆடிட்டருக்குப் பிடிக்கும். மேஸ்திரி அதைத் திறக்கவே மாட்டார்.

2. ஹிரா, ஜே.எஸ்.ஏ., மெத்தட் ஸ்டேட்மென்ட்னு மூணு கேக்கறாங்க. மூணும் ஒண்ணுதானே?

இல்லை. ஹிரா என்பது சைட் முழுவதற்குமான ஆபத்துப் பட்டியலும் அதற்கான மதிப்பெண்ணும். மெத்தட் ஸ்டேட்மென்ட் ஒரு வேலையை எப்படிச் செய்யப் போகிறோம் என்பதைச் சொல்கிறது: எந்த மெஷின், எத்தனை ஆள், எது முதலில். ஜே.எஸ்.ஏ. அதே வேலையைப் படிப்படியாக உடைத்து, ஒவ்வொரு படியிலும் உள்ள ஆபத்தையும் தடுப்பையும் எழுதுவது. திட்டத்துக்குள் ஹிரா இருக்கும். மற்ற இரண்டும் அந்தந்த வேலை வரும்போது இணைப்பாகச் சேரும். ஆறு மாதம் கழித்து வரப்போகும் கூரை வேலைக்கு இப்போதே ஜே.எஸ்.ஏ. எழுதி வைப்பது வீண். அன்றைக்கு வரும் கிரேனும் வேறாக இருக்கும், ஆட்களும் வேறாக இருப்பார்கள்.

3. எங்க சைட்ல மொத்தமே 30 பேர். எங்களுக்கும் இது கட்டாயமா?

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தாலே கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். 1996-ன் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த 2020-ன் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. புதிய தொகுப்புக்கு முரண்படாத வரை பழைய விதிகள் இடைக்காலத்தில் தொடர்கின்றன. 50 பேர் அல்லது அதற்கு மேல் ஆனால் எழுத்துப்பூர்வமான பாதுகாப்புக் கொள்கை வேண்டும் என்பது 1998 மத்திய விதிகளில் 39-வது விதி. புதிய தொகுப்பின்படி 250 பேர் ஆனால் பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டும்.

30 பேர் என்றால் தனி அலுவலர் தேவையில்லை, ஆனால் அந்த வேலையைப் பார்க்க பெயர் குறிப்பிட்ட ஓர் ஆள் தேவை. சின்ன சைட்டில்தான் ஒரே ஆள் காலையில் குழி வெட்டி, மதியம் சாரம் ஏறி, சாயங்காலம் கட்டிங் மெஷின் பிடிக்கிறார். அவருக்கு ஆபத்து குறைவு என்று எந்தக் கணக்கில் சொல்வது?

4. சைட் தடாவுல, ஆபீஸ் கும்மிடிப்பூண்டியில, ஆளுங்க பாதிப் பேர் எளாவூர்ல இருந்து வர்றாங்க. எந்த மாநிலச் சட்டம்?

மண் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலம். பதிவு, ஆய்வு, விபத்து அறிவிப்பு மூன்றும் சைட்டின் சர்வே எண்ணைத் தொடர்ந்து போகும். உங்கள் அலுவலக முகவரியைத் தொடராது. தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ஆந்திரப் பக்கம் என்றால் அந்த மாநிலத் தொழிலாளர் துறையில் பதிவு. தடா, சத்தியவேடு இரண்டும் 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் வருகின்றன. பழைய திட்டத்தை நகலெடுத்து ‘நெல்லூர்’, ‘சித்தூர்’ என்றே அச்சடித்து வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முகவரிப் பக்கத்திலேயே தவறு இருந்தால் உள்ளே இருப்பதை யார் நம்புவார்?

5. எழுத உக்காந்தா எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

உட்காராதீர்கள், நடங்கள். சைட் இன்ஜினியர், சிவில் மேஸ்திரி, எலக்ட்ரீஷியன் மூவரும் சேர்ந்து எல்லையைச் சுற்றி ஒருமுறை நடந்து வரைபடத்தில் குறியுங்கள்: மேலே போகும் மின்கம்பி, பூமிக்குள் இருக்கும் கேபிள், பக்கத்து காம்பவுண்ட் சுவர், மழைத் தண்ணீர் ஓடும் பக்கம், லாரி திரும்பும் இடம், ஆம்புலன்ஸ் நுழையும் வழி. பிறகு வேலை அட்டவணையை எடுத்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி: எந்த உயரத்தில் அல்லது ஆழத்தில்? என்ன மெஷின்? அதே நேரத்தில் கீழேயும் பக்கத்திலும் வேறு யார்?

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேலே வெல்டிங், கீழே கம்பி கட்டும் கும்பல் என்று தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியாகத்தான் இருக்கும். ஒரே நேரத்தில் நடக்கும்போதுதான் பொறி தலையில் விழுகிறது, ஸ்பேனர் தோளில் விழுகிறது.

6. 5-க்கு 5 மதிப்பெண் போட்டா எல்லாத்துக்கும் ‘மீடியம்’தான் வருது. எங்க தப்பு?

ஹிராவில் ஒவ்வோர் ஆபத்துக்கும் நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, விளைவின் கடுமைக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கினால் 25-க்குள் ஒரு எண். தப்பு நடப்பது தடுப்பு போட்ட பிறகு மறுபடி மதிப்பெண் போடும்போது. ‘ஹார்னஸ் (உடலோடு மாட்டும் பாதுகாப்புப் பெல்ட்) கொடுத்துவிட்டோம்’ என்று சொல்லி வாய்ப்பையும் குறைத்து, கடுமையையும் 5-லிருந்து 2-க்கு இறக்கிவிடுகிறார்கள். 8 மீட்டரிலிருந்து விழுந்தால் விளைவு என்றைக்கும் 5-தான். கைப்பிடிக் குழாய் போட்டால் விழும் வாய்ப்பு குறையும்; விழுந்தவருக்கு அடி குறையாது. வாய்ப்பை மட்டும் குறைத்துப் போட்டுப் பாருங்கள், அட்டவணை உடனே பேச ஆரம்பிக்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் உதவும். கடுமை 5 என்று வந்த வரிகளை மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் தனித் தாளில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் தேதியும் போடுங்கள். ஷெட் வேலையில் அந்தத் தாளில் பெரும்பாலும் இவைதான் இருக்கும்: குழி சரிவது, உயரத்திலிருந்து விழுவது, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டும்) சரிவது, மின்சாரம், கிரேன், மூடிய தொட்டி. இனிவரும் பதில்களும் அவற்றைப் பற்றித்தான்.

7. அஸ்திவாரக் குழி ரெண்டு மீட்டர்தான். அதுக்கும் முட்டு கொடுக்கணுமா?

1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகையும் முட்டும் கொடுக்க வேண்டும். பழவேற்காடு ஏரியை ஒட்டிய இந்தக் கரையில் மண் மணற்பாங்கு, நிலத்தடி நீரும் மேலேயே கிடக்கும். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் சரித்தால்தான் நிற்கும். கணக்குப் பாருங்கள்: அடியில் 2 மீட்டர் அகலம், ஆழம் 2 மீட்டர் என்றால் மேலே 8 மீட்டர் அகலம் வெட்ட வேண்டும். அவ்வளவு இடம் இருந்தால் சரிவு, இல்லையென்றால் முட்டு. ‘ரெண்டு நாள்ல மூடிடுவோம்’ என்பது மூன்றாவது வழி அல்ல. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. இடுப்பளவு புதைந்தவரைக் கையால் இழுத்து வெளியே எடுக்க முடியாது. நெஞ்சளவு புதைந்தவரால் மூச்சை உள்ளிழுக்க முடியாது.

வெட்டிய மண்ணைக் கரையிலிருந்து 1.5 மீட்டர், அல்லது குழி ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். ஜேசிபி ஓட்டுநர் கை எட்டும் தூரத்தில்தான் கொட்டுவார், அவர் வேகம் அது. அதனால் வெட்டும் முன்பே சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். நீளக் குழியில் 30 மீட்டருக்கு ஓர் ஏணி, தரைக்கு மேல் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

தண்ணீர் இறைப்பதில் இன்னொரு கோளாறு இருக்கிறது. வடிகட்டும் ஜல்லி போடாமல் வெறும் குழிக்குள் மோட்டாரை இறக்கினால் தண்ணீரோடு நுண்மணலும் வரும். வெளியே விழும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் பக்கத்துச் சுவரின் அடிமண்ணை இறைக்கிறீர்கள் என்று பொருள். உடனே நிறுத்திவிட்டுச் சுவரில் விரிசல் பாருங்கள். மழைக்காலக் குழிக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை வேளச்சேரியில் ஆழமான கட்டுமானக் குழி சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். குழி ஓரத்தில் கன்டெய்னர் அலுவலகமோ, ஜெனரேட்டரோ, ஆட்கள் தங்கும் கொட்டகையோ இருக்கக் கூடாது என்று வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

8. சவுக்குக் கட்டைச் சாரம் போட்டா ஏத்துக்க மாட்டாங்களா? காலங்காலமா அதுலதானே வேலை நடக்குது?

ஒரு மாடிப் பூச்சு வேலைக்கு நல்ல கட்டை, புதுக் கயிறு, பழகிய கை இருந்தால் சவுக்கும் நிற்கும். கோளாறு மூன்று இடத்தில்: கயிறு இரண்டு மழைக்குப் பிறகு வெளியே நன்றாகத் தெரியும், முடிச்சுக்குள் மக்கியிருக்கும், கட்டையின் எடை தாங்கும் திறனைக் கணக்கிட வழியில்லை, கைப்பிடி போட யாருக்கும் தோன்றாது. தொழிற்பேட்டை ஷெட்களில் பெரும்பாலும் குழாய்ச் சாரம்தான் கேட்கிறார்கள்.

குழாய்ச் சாரத்துக்குத் திட்டத்தில் எழுத வேண்டியவை: ஒவ்வொரு காலுக்கும் அடித்தட்டு, அதன் கீழே பலகை (செங்கல் அடுக்கி அதன்மேல் கால் நிறுத்துவது கூடாது), கைப்பிடி ஒரு மீட்டர் உயரம், நடுவில் இன்னொரு குழாய், பலகை ஓரத்தில் 15 செ.மீ. தடுப்பு, கரணை கீழே உருளாமல் இருக்க. உயரத்தில் 4 மீட்டருக்கு ஓர் இடத்தில் கட்டடத்தோடு பிணைப்பு. பிணைப்பு இல்லாமல் தனியாக நிற்கும் சாரம் அடி அகலத்தைப்போல மூன்று மடங்கு உயரத்தைத் தாண்டக் கூடாது. வெளிப்பூச்சு முடியும் நேரத்தில்தான் சாரம் சரிகிறது. காரணம் இதுதான்: பிணைப்பு இருக்கும் இடத்தில் பூச முடியவில்லை என்று கொத்தனார் அதைக் கழற்றுகிறார், திருப்பி மாட்ட ஆள் இல்லை. கழற்றவும் மாட்டவும் சாரக்காரருக்கு மட்டுமே உரிமை என்று எழுதுங்கள். பச்சை அட்டை தொங்கினால் ஏறலாம், சிவப்பு என்றால் ஏறக் கூடாது. வாரம் ஒருமுறையும், பெருங்காற்றோ மழையோ அடித்த மறுநாள் காலையும் பார்த்துக் கையெழுத்து.

9. எல்லாருக்கும் டபுள் ஹூக் ஹார்னஸ் கொடுத்துட்டோம். இனி உயரத்துல பயம் இல்லதானே?

எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்தது. கால் மட்டத்தில் கொக்கி மாட்டியிருக்கும் ஆள் விழுந்தால் லேன்யார்ட் (ஹார்னஸையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு) நீளம் சுமார் 1.8 மீட்டர், அதிர்ச்சி தாங்கும் பகுதி கிழிந்து நீள்வது ஒரு மீட்டருக்கு மேல், முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர், பாதுகாப்பு இடைவெளி ஒரு மீட்டர். கூட்டினால் ஏறக்குறைய 6 மீட்டர். அவர் நிற்கும் பீம் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஹார்னஸ் அவரை முழுதாக நிறுத்தும் முன்பே தரை வந்துவிடும். அந்த உயரத்தில் தலைக்கு மேல் கொக்கி மாட்ட இடம் வேண்டும், அல்லது தானே சுருளும் ரிட்ராக்டபிள் வகை வேண்டும், அல்லது கைப்பிடியோடு தளம் போட வேண்டும்.

மாட்டும் இடத்தை ஆளிடம் விடாதீர்கள். ‘பெல்ட்டை மாட்டு’ என்று கத்தினால் அவர் கையெட்டும் கேபிள் டிரேயிலோ, சென்ட்ரிங் குழாயிலோ மாட்டுவார். எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் நடுவே லைஃப்லைன் (கொக்கி மாட்டும்) கம்பி என்று வரைபடத்தில் கோடாகவே வரையுங்கள். தொங்கிக்கொண்டிருப்பவரை எப்படி இறக்குவது என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அசைவில்லாமல் தொங்கினால் கால் பட்டை இறுக்கி ரத்த ஓட்டம் தடைபடும். சில நிமிடங்களில் மயக்கம் வரும். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க முடியாது.

10. ஏழு நாள் ஆச்சு, ஸ்லாப் சென்ட்ரிங் பிரிக்கலாமா? மேஸ்திரி பிரிக்கலாங்கிறார்.

ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) கொடுக்கும் கணக்கு: ஸ்லாப் இடைவெளி 4.5 மீட்டர் வரை என்றால் முட்டு எடுக்க 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், மேலே 21 நாள். இது சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு. நம் பக்கம் அதிகம் ஓடும் பி.பி.சி. (போசலானா கலந்த) சிமென்ட் மெதுவாக வலுப்பெறுவதால் கூடுதல் நாள் விடுங்கள். ஆக, மேஸ்திரியிடம் திருப்பிக் கேட்க வேண்டியது: எந்த ஸ்லாப், எவ்வளவு இடைவெளி, எந்த சிமென்ட்?

பிரிக்கும்போது சரிவதைவிட ஊற்றும்போது சரிவதுதான் உயிர் எடுக்கும். 15 செ.மீ. ஸ்லாப் ஈரத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 375 கிலோ. அதற்கு மேல் ஆட்கள், வைப்ரேட்டர், பம்ப் குழாயின் உதறல். முட்டுகள் புதிதாக நிரப்பிய மண்ணில் நின்றால், முந்தைய இரவு மழை பெய்திருந்தால், ஒரு கால் இறங்கினாலே போதும். ஊற்றும் நாள் காலை ஒருவர் ஒவ்வொரு முட்டையும் கையால் அசைத்துப் பார்த்து, குறுக்குக் கட்டு இருக்கிறதா என்று எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊற்றும் நேரத்தில் கீழே நின்று ‘பார்த்துக்கொள்ள’ ஆள் நிறுத்துவது பல சைட்டில் பழக்கம். அவரை வெளியே நிறுத்துங்கள். முட்டு இறங்குகிறதா என்று ஓரத்திலிருந்து நூல் கட்டியும் பார்க்கலாம்.

11. ஈ.எல்.சி.பி. போட்டிருக்கோம், டெஸ்ட் பட்டன் அழுத்தினா ட்ரிப் ஆகுது. அப்புறமும் ஷாக் அடிச்சுதுன்னா எப்படி?

ஈ.எல்.சி.பி. என்பது மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச். ஜெனரேட்டரில் ஓடியபோது அடித்ததா என்று முதலில் கேளுங்கள். ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த் செய்யப்படாமல் இருந்தால், கசியும் மின்சாரம் மண் வழியாகத் திரும்பி வர வழி இல்லை. அதனால் ஈ.எல்.சி.பி. கசிவை உணராது. டெஸ்ட் பட்டன் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும், ஏனென்றால் அது மண்ணை நம்பவில்லை. உள்ளேயே லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு மின்தடை வழியாகச் சுற்று போடுகிறது. முதல் கோளாறு இப்படிச் சத்தமில்லாமல் நிற்கும். இரண்டாவது மெஷினில் இன்னொரு கோளாறு வரும்போது ஆள் நடுவில் மாட்டுவார். ஜெனரேட்டர் நியூட்ரல் எர்த்திங்கை எலக்ட்ரீஷியன் அளந்து எழுதிக் கொடுக்கும் வரை கை மெஷின்களை அதில் ஓட்டாதீர்கள்.

மற்றபடி: கை மெஷின்களுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை, இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் இல்லாத கேபிள், வெறும் கம்பியை சாக்கெட்டில் சொருகிக் குச்சி வைத்து இறுக்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி. ஈரத்திலும் தொட்டிக்குள்ளும் 24 வோல்ட் விளக்கு.

12. ஹைட்ராவை விட்டா எங்களுக்கு வழியில்ல. அதை வச்சே எப்படிச் சமாளிக்கிறது?

ஹைட்ரா (சக்கரத்தில் ஓடும் சிறு கிரேன்) தூக்கும் மெஷின்தான். தூக்கிக்கொண்டே ஓடும்போதுதான் ஆபத்து. சுமை முன்னால் ஆடும், ஓட்டுநர் கண்ணை மறைக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஹெல்பர் பின்னோக்கி நடப்பார், கால் தடுக்கினால் சக்கரம் மேலே. எழுதுங்கள்: சுமையை யாரும் கையால் பிடிக்கக் கூடாது, இரண்டு பக்கமும் கயிறு, கயிறு பிடிப்பவர் மெஷினுக்கு முன்னால் அல்ல, பக்கவாட்டில், வேகம் நடை வேகம், சிக்னல் கொடுப்பவர் ஒரே ஆள்.

ஸ்லிங் (சுமையைக் கட்டித் தூக்கும் கயிறு) கோணம் அடுத்தது. இரண்டு கால் ஸ்லிங்கில் ஒரு டன் தூக்கினால், கிடைமட்டத்துக்கு 60 டிகிரியில் ஒவ்வொரு காலுக்கும் சுமார் 580 கிலோ. அதே ஸ்லிங் 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலுக்கும் முழு ஒரு டன். ‘ரெண்டு டன் ஸ்லிங்தான் சார்’ என்றால் போதாது, எந்தக் கோணத்தில் என்று பாருங்கள். தகுதியுள்ளவர் 12 மாதத்துக்குள் சோதித்த சான்று கிரேனுக்கும் வேண்டும், ஸ்லிங்குக்கும் வேண்டும். மின்கம்பிப் பக்கம் போனால் 11 கிலோவோல்ட், 33 கிலோவோல்ட் இரண்டுக்கும் குறைந்தது 3 மீட்டர் விலகல். மின்கம்பிக்கு முன்பே ஒரு தடுப்புக் கம்பமும் கொடிக் கயிறும் கட்டுங்கள்.

13. புது சம்ப், இன்னும் தண்ணியே விடல. உள்ள போய்ப் பலகை பிரிக்கறதுல என்ன ஆபத்து?

மிகவும் ஆபத்து. மூடியிட்ட புதுத் தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகை ஈரத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். க்யூரிங் தண்ணீரில் மரம் மக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், நச்சு வாயுவும் சேரும். வாசனையே இல்லாமல் இருக்கலாம். உள்ளே இறங்கியவர் உட்கார்ந்தாற்போல் சரிவார். அவரைத் தூக்க இறங்குபவர் அடுத்தவர். மூன்றாவது ஆளும் இறங்குவார். இப்படி ஒரே தொட்டியில் பலர் இறப்பது இரண்டு மாநிலச் செய்திகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

எல்லா மூடியையும் முதல் நாளே திறந்து, புளோயரால் காற்று செலுத்தி, வாயு மீட்டரை மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் இறக்கிப் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம், எரியும் வாயு வெடிக்கும் கீழ் எல்லையில் 10 சதவீதத்துக்குள், ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பி.பி.எம்.-க்குள் இருந்தால்தான் உள்ளே இறங்க பெர்மிட். உள்ளே போகிறவர் உடலில் ஹார்னஸ், மேலே முக்காலியும் இழுக்கும் கயிறும், தொட்டி வாயருகே ஓர் ஆள். அந்த மேல் ஆள் எந்தக் காரணத்துக்கும் இறங்கக் கூடாது. மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பது சோதனை இல்லை. எரியும் வாயு இருந்தால் அதுவே தீ வைக்கும்.

14. தெலுங்கு, ஒடியா, இந்தி, தமிழ்னு நாலு பாஷை ஆளுங்க. டூல்பாக்ஸ் டாக்கை யாருக்குப் பேசறது?

டூல்பாக்ஸ் டாக் என்பது வேலை தொடங்கும் முன் நடத்தும் சிறு பாதுகாப்புப் பேச்சு. அதைக் கும்பல் கும்பலாகப் பிரித்துப் பேசுங்கள். 2014-ல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். பிற மாநிலத்திலிருந்து வந்த கும்பலுக்கு அபாயத்தை அவர்கள் மொழியில் சொல்லும் ஏற்பாடு இங்கே எந்த சைட்டுக்கும் கூடுதல் வசதி அல்ல, அடிப்படைத் தேவை.

ஐந்து பேர், பத்து நிமிடம், அன்றைய வேலை ஒன்று மட்டும். கும்பலின் முதல் ஆளைத் தேர்ந்து அவர் மொழியில் சொல்ல விடுங்கள், பிறகு வேறொருவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். தலையாட்டினால் புரிந்தது என்று எழுதாதீர்கள். ஆபத்து சிக்னல் நான்கு மொழிக்கும் பொதுவாக இருக்கட்டும்: நீண்ட விசில் மூன்று என்றால் எல்லா மெஷினும் நிற்கும், எல்லோரும் குறித்த இடத்துக்கு வருவார்கள். வருகைப் பதிவு அந்த இடத்துக்கும் வர வேண்டும். யார் உள்ளே இருக்கிறார் என்று தெரியாமல் யாரையும் தேட முடியாது.

15. மே மாசம் கத்திரி வெயில்ல கான்கிரீட் போடறோம். தண்ணிப் பானை வச்சா போதுமா?

பானை எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. கீழே கேட் பக்கத்தில் பானை, ஆள் இரண்டாவது தளத்தில் என்றால் அவர் குடிக்க இறங்கி வர மாட்டார். வேலை நடக்கும் தளத்திலேயே தண்ணீர், 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், நிழல். ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வெயில் வேலை, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பேச்சு குழறினாலோ, தோல் சூடாக இருந்து நிதானம் தப்பினாலோ அது மயக்கம் அல்ல, வெப்பத்தாக்கு. உடனே நிழலில் கிடத்தி உடலெங்கும் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆபத்து மழை, புயல் பக்கம் மாறும். புயல் எச்சரிக்கை வந்ததும் கூரை ஷீட்டைக் கட்டுவது, கிரேன் பூமை இறக்குவது, குழிக்கு மேட்டு வரப்புப் போடுவது யார் யார் என்ற பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்க வேண்டும். காற்று மணிக்கு 36 கி.மீ.-க்கு மேல் போனால் தூக்கும் வேலையும் ஷீட் வேலையும் நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரேன் தயாரிப்பாளர் அட்டவணை அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான்.

16. 108-ன்னு போர்டு எழுதியாச்சே, அவசர ஏற்பாட்டுல வேற என்ன?

எல்லையோரத்தில் செல்போன் எந்த மாநில டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகலாம். ஆரம்பாக்கத்தில் நின்று கூப்பிட்டால் தெலுங்கில் எடுக்கலாம். ஆகவே போர்டில் சைட்டின் மாநிலம், மாவட்டம், கிராமம், தேசிய நெடுஞ்சாலை 16-ல் எந்தத் திருப்பம், எந்த அடையாளம் என்பதை இரு மொழியிலும் எழுதி வைத்து, அழைப்பவர் அதைப் படிக்கட்டும். 112-ஐயும் சேருங்கள்.

கிட்டத்தில் என்ன மருத்துவமனை என்பதைவிட எலும்பு முறிவுக்கும் தலைக்காயத்துக்கும் எங்கே மருத்துவர் இருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். சாயங்காலம் லாரி நெருக்கடியில் ஒருமுறை வண்டியிலேயே ஓட்டிப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். கேட்டில் வந்து ஆம்புலன்ஸைக் கூட்டிச் செல்லும் ஆள், முதலுதவி தெரிந்த ஆள், உறவினருக்குச் சொல்லும் ஆள் மூவரும் வேறு வேறு.

17. சின்ன விபத்துதான். சப் கான்ட்ராக்டர் ஆள், அவரே பார்த்துக்கறேங்கிறார். நாம சொல்லணுமா?

48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயம் என்றால் 72 மணி நேரத்துக்குள் அறிவிப்பு, உயிரிழப்பு என்றால் 4 மணி நேரத்துக்குள் என்பது 1998 விதிகளில் 210-வது விதி. ‘ஊருக்கு அனுப்பிவிட்டோம்’ என்பது அறிவிப்பு அல்ல. சப் கான்ட்ராக்டரோடு உங்கள் ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் சைட் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதால் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். ஆளை சென்னை மருத்துவமனைக்குக் கொண்டு போனாலும் வழக்குப் பதிவும் விசாரணையும் விபத்து நடந்த இடத்துக் காவல் எல்லையிலேயே இருக்கும் (மாநிலக் கணக்கு கேள்வி 4). விபத்து நடந்த இடத்தை, உயிர் காக்க வேண்டியதற்குத் தவிர, மாற்றாதீர்கள்.

18. இதுக்கெல்லாம் எவ்வளவு ஒதுக்கணும்? ஒரு சதவீதம் செஸ் கட்டறோமே, அது போதாதா?

செஸ் (கட்டுமானச் செலவின் மேல் கட்டும் வரி) தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. உங்கள் சைட்டில் ஒரு கைப்பிடிக் குழாய்கூட அதில் வராது. சதவீதத்தில் ஒதுக்காமல் பொருள் பொருளாகப் போடுங்கள். சாரத்துக்கு எத்தனை மீட்டர் கைப்பிடி, எத்தனை பலகை, முட்டுக்கு எத்தனை ஷீட், எத்தனை ஈ.எல்.சி.பி., வாயு மீட்டர் வாடகை. ஹெல்மெட் ஆள் எண்ணிக்கையைவிடப் பத்துப் பன்னிரண்டு கூடுதல், வருபவர்களுக்காக. இவை டெண்டர் அட்டவணையில் தனி வரிகளாக இருந்தால் பேரம் பேசி வெட்ட முடியாது. ‘பாதுகாப்பு – மொத்தமாக’ என்று ஒரே வரி போட்டால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

19. ஓனர் இன்னிக்கே ஸ்லாப் போடச் சொல்றார், முட்டு செக் பண்ணலன்னு இன்ஜினியர் சொல்றார். யார் பேச்சு?

திட்டத்திலேயே எழுதி ஓனர் கையெழுத்தை வாங்கிவிட்டால் அன்றைக்குச் சண்டை இல்லை. நிறுத்தும் காரணங்களைப் பெயரிட்டு எழுதுங்கள்: கையெழுத்தில்லாத முட்டு, சிவப்பு அட்டைச் சாரம், குழி ஓரத்தில் விரிசல், வாயு சோதனை இல்லாத தொட்டி, அளவுக்கு மீறிய காற்று. இவற்றில் ஒன்று இருந்தால் சைட்டில் யார் வேண்டுமானாலும், சித்தாளும்கூட, நிறுத்தலாம். திரும்பத் தொடங்க மட்டும் பெயர் குறிப்பிட்ட இரண்டு பேரின் கையெழுத்து வேண்டும்.

இந்த வரியோடு இன்னொன்றும் சேர வேண்டும்: நிறுத்திய நேரத்துக்கும் அன்றைய கூலி உண்டு. நாள்கூலிக்கு வருபவர், தன் கும்பலின் அரைநாள் சம்பளம் போகும் என்றால் விரிசலைப் பார்த்தும் வாய் திறக்க மாட்டார். சப் கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் அந்தக் கூலியை யார் தருவது என்பதை முன்பே தெளிவாக எழுதி, அதே பக்கத்தின் நகலைத் தெலுங்கிலும் ஒடியாவிலும் கும்பல் தலைவர்களிடம் கொடுங்கள்.